படிவத்தில் மூன்று பிழைகள்

முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பிறருடைய எழுத்துப் பிழைகளைத் திருத்திச் சம்பளம் வாங்கியவன் நான். ஆசிரியபீடத்தில் புதிதாகச் சேரும் பிள்ளைகளிடம், "பெயரில் பிழை விட்டால் செய்தி முழுவதும் பிழை" என்று சொல்லிச் சொல்லி அவர்களுடைய வெறுப்பைச் சம்பாதித்தவன். அத்தகைய நான் சென்ற ஆண்டு சில பக்கங்களே கொண்ட ஒரு மருத்துவக் காப்புறுதிப் படிவத்தை நிரப்பி, அதில் மூன்று பிழைகளை விட்டேன். மூன்றும் என் குடும்பத்தின் பெயர்களையும் இலக்கங்களையும் பற்றியவை. அவற்றைத் திருத்தப் போன இடத்தில், முப்பது ஆண்டுகளுக்கு முன்னர் நான் விட்ட நான்காவது பிழையொன்று எதிரே வந்து நின்றது. இதை எழுதத் தூண்டியது அதுதான்.

முதலில் காப்புறுதியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

வலக்கண்ணில் வெண்புரை முற்றிவிட்டதாக மருத்துவர் சொன்னார். தமிழகத்து நண்பர்கள் இதனைக் கண்புரை என்பர். இரவில் வேலை முடிந்து காங்கேசன்துறை வீதியால் வீடு திரும்புகையில், எதிரே வரும் வாகனத்தின் ஒரு விளக்கு மூன்றாய்த் தெரிந்தது. வெள்ளைக் காகிதம் பழைய ஏடுபோல மஞ்சளாய்த் தெரிந்தது. இந்த நாட்டில் அரச மருத்துவமனைகளில் மருத்துவம் இலவசம். அங்கேயே சத்திரசிகிச்சை செய்துகொள்ளலாம். ஆனால் எனக்குக் கிடைத்த தவணை சில மாதங்கள் தள்ளியிருந்தது. ஒரு கண்ணை மூடிக்கொண்டு பக்கங்களைப் பார்ப்பவனுக்கு அவ்வளவு காலம் பொறுக்க இயலவில்லை. தனியார் மருத்துவமனை ஒன்றில் செய்துகொண்டேன். பற்றுச்சீட்டைப் பார்த்தபோது, புதிய வில்லையின் உதவியால் தொகை மிகத் துலக்கமாகத் தெரிந்தது.

பத்திரிகையாளனாகிய எனக்கெனத் தனியே காப்புறுதி கிடையாது. ஆனால் என் மனைவி அரச பாடசாலை ஆசிரியை. அரச ஊழியர்களுக்கான 'அக்ரஹார' காப்புறுதியில், மாதந்தோறும் சம்பளத்திலிருந்து சிறு தொகை கழிக்கப்படும் உறுப்பினர் அவர். தமிழக வாசகர் இப்பெயரைக் கண்டு அந்தணர் தெருவை நினைத்துவிட வேண்டாம். இது இலங்கை அரசின் காப்புறுதித் திட்டமொன்றின் பெயர். 2006ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டத்தால் அமைக்கப்பட்ட தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியம் இதனை நடத்துகிறது. உறுப்பினரின் வாழ்க்கைத் துணைக்கும் இதில் இடமுண்டு. ஆக, நாட்டு நடப்பையெல்லாம் எழுதித் தள்ளும் கணவனின் கண்ணுக்கு, ஆரம்பப் பிரிவுப் பிள்ளைகளுக்கு 'அ' எழுதப் பழக்கும் மனைவியின் சம்பளமே காப்பு.

"நீங்கள்தானே எழுத்துக்காரர். இதையும் எழுதுங்கோ" என்று படிவத்தை என் முன்னால் வைத்துவிட்டு அவர் பாடக்குறிப்பு எழுதப் போய்விட்டார். மருத்துவர் நிரப்ப வேண்டிய பகுதி முன்னரே நிரப்பப்பட்டு, முத்திரையும் பதிக்கப்பட்டிருந்தது. எஞ்சியதை நான் அரை மணி நேரத்தில் முடித்தேன். ஒரே ஓர் இடத்தில் மட்டும் தடுமாறினேன். அது நோயாளியின் பெயர் கேட்கும் இடம். 'குடும்பப் பெயர்' என்று ஒரு கட்டம், 'ஏனைய பெயர்கள்' என்று இன்னொரு கட்டம்.

யாழ்ப்பாணத்துத் தமிழனுக்குக் குடும்பப் பெயர் ஏது? சிங்களவருக்கு 'வாசகம' உண்டு. ஆங்கிலேயருக்கும் உண்டு. நாங்கள் தந்தையின் பெயரை முன்னே வைத்துத் தன் பெயரைப் பின்னே வைப்பவர்கள். முன்னுள்ளது எவருடைய மகன் என்பதைச் சொல்லும், பின்னுள்ளது அவன் யார் என்பதைச் சொல்லும். அடுத்த தலைமுறையில் இவன் பெயர் முன்னே நகர, புதுப் பெயர் ஒன்று பின்னே வந்து அமரும். தலைமுறைதோறும் நகர்ந்துகொண்டிருக்கும் இந்த ஒழுங்கை அசையாத இரு கட்டங்களுக்குள் அடைக்கச் சொன்னால் என்ன செய்வது?

இச்சிக்கல் எங்களோடு கடல் கடந்தும் போயிருக்கிறது. ரொறன்ரோவில் வாழும் என் தம்பியின் மருத்துவ அட்டையில் எங்கள் அப்பாவின் பெயரே குடும்பப் பெயர். மருத்துவமனைக் காத்திருப்பு அறையில் தாதி அப்பாவின் பெயரை உரத்து அழைக்க, இவன் எழுந்து போகிறான். "அப்பா செத்து இருபது வருசம் அண்ணை. இஞ்சை இன்னும் அவருக்குத்தான் ஊசி போடுகினம்" என்று ஒருமுறை தொலைபேசியில் சொல்லிச் சிரித்தான். பிறகு இருவரும் சிறிது நேரம் பேசாமல் இருந்தோம்.

நான் முதலில் குடும்பப் பெயர்க் கட்டத்தில் என் பெயரை எழுதினேன். பிறகு, தம்பியின் அட்டையைப் போல இருக்கட்டும் என்று எண்ணி, மேசையில் கிடந்த வெள்ளைத் திரவத்தால், ஊரில் நாங்கள் 'ரிப்பெக்ஸ்' என்பதால், என் பெயரை மறைத்து அதன் மேல் அப்பாவின் பெயரை எழுதினேன். சுத்தமான வேலை. எனக்கே திருப்தியாக இருந்தது.

ஏறக்குறைய இரண்டு மாதங்களின் பின் படிவம் திரும்பி வந்தது. உடன் வந்த கடிதத்தில் மூன்று குறைபாடுகள் எண்ணிட்டுக் காட்டப்பட்டிருந்தன. படிவத்தில் அந்த மூன்று இடங்களையும் யாரோ பென்சிலால் வட்டமிட்டிருந்தார்கள். எங்கள் ஒப்புநோக்குநர் ஒருவரின் வேலை போலவே இருந்தது. பார்த்ததும் முதலில் கோபமும், பிறகு ஒருவிதமான தொழில் மரியாதையும் உண்டாயின.

முதற் பிழை அடையாள அட்டை இலக்கம். என் இலக்கம் 67072 என்று தொடங்குவது. நான் எழுதியிருந்தது 67027. அட்டையைப் பார்த்து எழுதவில்லை. என் இலக்கம்தானே, எனக்குத் தெரியாதா என்ற நினைப்பு. எழுதி முடித்து இருமுறை வாசித்தும் பார்த்தேன். இரு முறையும் காகிதத்தில் இருந்ததை வாசிக்கவில்லை. மனத்தில் இருந்ததையே வாசித்தேன். தான் எழுதியதைத் தானே ஒப்புநோக்கக் கூடாது என்பது அச்சகத்தின் பழைய விதி. ஒருவர் மூலத்தை உரத்து வாசிக்க, மற்றவர் அச்சுப்படியைப் பார்க்க வேண்டும். விதி தெரிந்தவன்தான் அதை மீறினேன்.

இந்த இலக்கம் வெறும் இலக்கமன்று என்பதை இளைய வாசகர்களுக்காகச் சொல்லிவைக்கிறேன். பழைய தேசிய அடையாள அட்டை இலக்கத்தின் முதல் இரு எண்களும் பிறந்த ஆண்டைக் குறிப்பன. அடுத்த மூன்றும் அந்த ஆண்டின் எத்தனையாவது நாளில் பிறந்தவர் என்பதைக் காட்டும். பெண்களாயின் அந்த நாள் எண்ணுடன் 500 கூட்டப்பட்டிருக்கும். ஆகவே, ஜனவரி முதலாம் திகதி பிறந்த ஆண் 001, பெண் 501. 2016 முதல் வழங்கப்படும் பன்னிரண்டு இலக்க அட்டையில் ஆண்டு முழுமையாக நான்கு எண்களில் வருகிறது. நாள் கணக்கு அதே கணக்குத்தான். 027 என்றால் ஜனவரி 27. நானோ பிறந்த திகதி என்ற இடத்தில் 1967 மார்ச் 12 என்று சரியாக எழுதியிருந்தேன். இரண்டும் பொருந்தாது என்பதைக் காப்புறுதிக்காரர் ஒரு பார்வையில் கண்டுபிடித்திருப்பார்.

பிழை என்னுடையதென்று தெளிந்தது. ஆனாலும், எந்தத் தவறையும் எவர் தலையிலாவது சுமத்திப் பார்க்க ஆசைப்படும் பத்திரிகைக்காரப் புத்தி ஓயவில்லை. நாள்காட்டியை வைத்து 072ஐ எண்ணிப் பார்த்தேன். ஜனவரி 31, பெப்ரவரி 28, ஆக 59. மிகுதி 13. மார்ச் 13! எனக்கு வியர்த்தது. பிறப்புச் சான்றிதழில் 12. அப்படியானால், 1983இல் பத்தாம் வகுப்புப் பரீட்சைக்காகப் பள்ளிக்கூடம் மூலம் எடுத்த அந்த அட்டை, நாற்பது ஆண்டுகளாகச் சோதனைச்சாவடிதோறும் நீட்டிய அட்டை, தொடக்கம் முதலே பிழையா? எத்தனை வரிசைகளில் அதைக் கையில் ஏந்தி நின்றிருப்பேன்! உயிரைப் பிடித்துக்கொள்வதுபோலப் பிடித்திருந்த ஒன்றில் ஒரு நாள் பிசகியிருந்ததா?

மறுநாள் படிவத்தை எடுத்துக்கொண்டு, மனைவியின் விடயங்களைக் கவனிக்கும் அலுவலகத்துக்குப் போனேன். அந்த மேசையில் இருந்தவர் என் மகளின் வயதையொத்த ஓர் உத்தியோகத்தர். என் துப்பறிதலைப் பொறுமையுடன் கேட்டார். பிறகு மெல்லச் சிரித்தார்.

"ஐயா, அடையாள அட்டைக் கணக்கிலை பெப்ரவரிக்கு எல்லா வருசமும் இருபத்தொன்பது நாள்தான். நீங்கள் இருபத்தெட்டு எண்டு எண்ணியிருப்பியள்."

நெட்டாண்டாயினும் அல்லவாயினும் ஒரே அட்டவணை. பெப்ரவரிக்கு 29. அப்படிப் பார்த்தால் 31உம் 29உம் 60, மிகுதி 12. மார்ச் 12. அட்டை சரி. பிறப்புச் சான்றிதழ் சரி. பிழையானவன் நான் ஒருவன் மட்டுமே. நெட்டாண்டல்லாத ஆண்டில் மார்ச் முதலாம் திகதிக்குப் பின் பிறந்து, என்னைப் போலத் தாமே எண்ணிப் பார்த்துத் திகைப்பவர்கள் எவரேனும் இருந்தால், அவர்கள் நிம்மதியாக உறங்கலாம்.

இரண்டாவது பிழை ஒரு புள்ளி. அப்பாவின் பெயரை இங்கே எழுதவில்லை. ஆயினும் 'கதிரவேலு' என்பதற்கும் 'கதிர்வேலு' என்பதற்கும் இடையிலுள்ள வேறுபாடு போன்றது அது. என் அடையாள அட்டையில் ஒருவிதமாகவும், திருமணச் சான்றிதழில் இன்னொரு விதமாகவும் இருக்கிறது. ஊரில் எவருக்கும் அது ஒரே ஆள்தான். அப்பாவே இரண்டு விதமாகவும் ஒப்பமிட்டிருப்பார். பெயர் காதால் அறியப்பட்ட காலம் அது. ஆனால் வயலையும் வாய்க்காலையும் அறியாத தூரத்து மேசைக்கு எழுத்து மட்டுமே சாட்சி. அந்த மேசையிலிருப்பவர் என் அப்பாவைக் கண்டதில்லை. அவருக்கு இரண்டு எழுத்துக்கூட்டல் என்றால் இரண்டு மனிதர்.

இதற்குப் பரிகாரம் சத்தியக்கடதாசி. இரு பெயர்களும் ஒருவரையே குறிப்பன என்று சமாதான நீதவான் முன்னிலையில் சத்தியம் செய்து ஒப்பமிட வேண்டும். செய்தேன். கிராம அலுவலரின் உறுதிப்படுத்தலையும் இணைத்தேன். காலமாகிவிட்ட தந்தை ஒருவரே, இருவரல்லர் என்று மகன் சத்தியம் செய்ய நேர்ந்தது பற்றி எழுதினால் அது நகைச்சுவையா துயரமா என்று தீர்மானிக்க என்னால் இயலவில்லை.

மூன்றாவது பிழைதான் இந்தக் கட்டுரையின் விடயம். அது அந்த வெள்ளைப் பூச்சு.

"இதைத்தான் அவை ஏற்க மாட்டினம் ஐயா" என்றார் உத்தியோகத்தர். "புதுப் படிவம் எழுதலாம். ஆனால் டொக்டரிட்டைத் திருப்பிப் போய் முத்திரை எடுக்கவேணும். இல்லாட்டில் இதிலையே திருத்தலாம். பூசினதுக்குப் பக்கத்திலை, முதல் என்ன எழுதினனீங்களோ அதை எழுதுங்கோ. அதை ஒற்றைக் கோட்டாலை வெட்டுங்கோ. மேலை சரியானதை எழுதி, பக்கத்திலை சுருக்கொப்பம் வைச்சுத் திகதி போடுங்கோ. அதிபரிட்டையும் ஒரு ஒப்பம் எடுங்கோ."

"வெட்டப் போறதை ஏன் பிள்ளை எழுதவேணும்?"

"வெட்டினது வாசிக்கக்கூடியதா இருக்கவேணும் ஐயா. முதல் என்ன இருந்தது, ஆர் மாத்தினது, எப்ப மாத்தினது எண்டு தெரியவேணும். பூசி மறைச்சால் அது திருத்தம் இல்லை."

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவர் தலை நிமிரவேயில்லை. "என்ரை வகுப்புப் பிள்ளையளுக்கே நான் சொல்லிக் குடுக்கிறது இது. அழிக்காதை, ஒரு கோடு போட்டு வெட்டு எண்டு. உங்களுக்கும் சொல்லவேணுமெண்டு நான் நினைக்கேல்லை" என்றார்.

உண்மையில் அது எனக்கும் தெரிந்திருக்க வேண்டிய விடயமே. கலைப்பீடத்தில் தமிழைப் பாடமாகப் படித்தவன் நான். ஏட்டில் புள்ளியிடும் வழக்கம் இல்லாததால், ஒரே சொல்லைப் பல விதமாய் வாசிக்க நேர்ந்த காலத்தில், பழைய நூல்களை அச்சேற்றியவர்களின் கதையை விரிவுரைகளில் கேட்டிருக்கிறேன். எங்கள் சிறுப்பிட்டியில் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை செல்லரித்த ஏடுகளைத் தேடித் தொகுத்து 1887இல் கலித்தொகையைப் பதிப்பித்தார். உ. வே. சாமிநாதையர் தாம் கொண்ட பாடத்தை மேலே தந்து, தாம் கொள்ளாத பாடங்களையும் பிரதிபேதமாகக் குறித்துவைத்தார். தாம் சரியென்று கருதாததையும் அவர் மறைக்கவில்லை. பின்னால் வருபவன் பார்த்து முடிவு செய்யட்டும் என்று விட்டுவைத்தார். திருத்துபவனுக்கு இருக்கவேண்டிய அடக்கம் அது.

நிற்க.

பத்திரிகைகளில் நாங்கள் திருத்தம் போடும் முறையை நினைத்துப் பார்த்தேன். "நேற்றைய இதழில் வெளியான செய்தியில் பெயர் தவறுதலாகப் பிரசுரமாகிவிட்டது. தவறுக்கு வருந்துகிறோம்." எந்தச் செய்தி, எந்தப் பெயர், தவறாக வந்தது எது, சரியானது எது, எதுவும் அதில் இராது. பிழையை மறைப்பதற்கென்றே எழுதப்படும் திருத்தம் அது. வருத்தம் இருக்கும், விபரம் இராது. இதுவும் ரிப்பெக்ஸ்தான். இலங்கையில் பத்திரிகை முறைப்பாட்டு ஆணைக்குழு 2003இல் அமைக்கப்பட்டது. தவறுகள் காலந்தாழ்த்தாது, உரிய முக்கியத்துவத்துடன் திருத்தப்பட வேண்டும் என்று ஆசிரியர்களின் ஒழுக்கக்கோவை சொல்கிறது. அதை மேசையில் ஒட்டிவைத்தவர்களுள் நானும் ஒருவன்.

ஆனால், அன்றிரவு படிவத்தில் 'குடும்பப் பெயர்' கட்டத்தின் அருகே என் பெயரை மீண்டும் எழுதி, அதன் மேல் கோடு கிழிக்கப் பேனாவை வைத்தபோது என் கை நின்றுவிட்டது. மகனின் பெயர் மறைந்து தந்தையின் பெயர் நிற்கிற அந்தக் கட்டத்தை நான் முன்னரும் ஒருமுறை பார்த்திருக்கிறேன். அதைச் செய்தவனும் நானே.

1995 ஒக்ரோபர் மாதம். வலிகாமத்தை நோக்கி இராணுவ நடவடிக்கை நடந்துகொண்டிருந்தது. பொருளாதாரத் தடையால் அச்சுக் காகிதத்துக்கும் பஞ்சம். உள்ள காகிதத்தில் எத்தனை பக்கம் இயலுமோ அத்தனை பக்கமே பத்திரிகை. ஒவ்வொரு வரியையும் எண்ணி எழுதிய நாட்கள் அவை. எறிகணை வீச்சில் இறந்தவர்களின் பெயர்ப்பட்டியல் கையெழுத்தில் வந்தது. தந்தை பெயர், தன் பெயர், வயது, ஊர் என்ற ஒழுங்கில் இருந்தது. இரவு நேரம், விளக்கு வெளிச்சம். ஒவ்வொரு பெயரும் ஒரே வரிக்குள் அடங்கவேண்டும். வயதை விட்டேன். ஒரு பெயர் நீளமாக இருந்தது. அதில் ஒரு பாதியை முழுதாக வைத்து, மறுபாதியை முதலெழுத்தாகச் சுருக்கினேன். சுருக்க வேண்டியது தந்தையின் பெயரை. நான் சுருக்கியது மகனின் பெயரை. எனக்கு அப்போது இருபத்தெட்டு வயது. ஒப்புநோக்க இன்னொருவர் இருக்கவில்லை.

30ஆம் திகதி காலை ஒருவர் சைக்கிளில் வந்தார். அறுபது வயது இருக்கும். வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார். கையில் நான்காய் மடித்த பத்திரிகை.

"தம்பி, உங்கடை பேப்பரிலை நான் செத்திட்டன்" என்றார். "செத்தது நானில்லை. என்ரை மூத்தவன்."

அவர் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் எனக்கு இலகுவாக இருந்திருக்கும். காலையிலிருந்து உறவினர்கள் தம் வீட்டுக்கு வந்து, வாசலில் தம்மைக் கண்டு திகைத்து நிற்பதாகச் சொன்னார். நாளைக்கே திருத்தம் வரும் ஐயா என்றேன்.

"என்ரை பேரை எடுக்கச் சொல்லி நான் வரேல்லைத் தம்பி. அது கிடந்தாலும் பரவாயில்லை. அவன்ரை பேர் ஒருக்கால் வரவேணும். சரியா வரவேணும். அவ்வளவுதான்."

நான் அவர் முன்னிலையிலேயே திருத்தத்தை எழுதினேன். வாசித்துக் காட்டினேன். மகனின் பெயரை எழுத்தெழுத்தாகச் சொன்னார். எழுதினேன். தலையசைத்துவிட்டுப் போனார்.

அன்று மாலை ஒலிபெருக்கிகளில் அறிவித்தல் வந்தது. வலிகாமத்தை விட்டு உடனே வெளியேறும்படி விடுதலைப்புலிகள் அறிவித்தார்கள். இலட்சக்கணக்கான மக்கள் அன்றிரவு மழையில், செம்மணி வழியாகவும் நாவற்குழிப் பாலத்தாலும் தென்மராட்சிக்கு நடந்ததை இதை வாசிக்கும் பலரும் தம் கால்களால் அறிவீர்கள். நானும் நடந்தேன். மறுநாள் எங்கள் பத்திரிகை வரவில்லை. திருத்தம் எழுதிய தாள் மேசையிலேயே கிடந்திருக்கும். பின்னர் பத்திரிகை மீண்டும் வெளிவரத் தொடங்கியபோது, சொல்ல வேண்டிய செய்திகள் மலைபோலக் குவிந்திருந்தன. ஒரு பழைய திருத்தத்தை எவரும் கேட்கவில்லை. நானும் எடுத்துச் சொல்லவில்லை. முதலில் மறந்தேன். நினைவு வந்தபோது வெட்கப்பட்டேன். வெட்கம் பழகியதும் மீண்டும் மறந்தேன். அந்த மனிதரை நான் பிறகு காணவில்லை.

இடம்பெயர்வு, காகிதப் பஞ்சம், விளக்கு வெளிச்சம் என்று என்னிடம் காரணங்கள் பல உண்டு. எல்லாம் உண்மையான காரணங்கள். ஆனால் 1996இல் ஊர் திரும்பிய பின்னர் எத்தனையோ அமைதியான நாட்கள் இருந்தன, எத்தனையோ பக்கங்களில் இடமிருந்தது. நாலு வரித் திருத்தம் ஒன்றுக்கு இடம் இல்லாமல் போகவில்லை. நான் வைக்கவில்லை.

காப்புறுதிக் கதையை முடித்துவிடுகிறேன். படிவத்தில் மூன்று கோடுகள், மூன்று சுருக்கொப்பங்கள், மூன்று திகதிகள். சுத்தமாக இல்லை. ஆனால் எவர் பார்த்தாலும் என்ன நடந்தது என்று விளங்கும். பணமும் வந்தது. கேட்ட தொகை முழுவதும் அன்று, விதிப்படி வரவேண்டியது வந்தது.

இத்தகைய படிவங்களை நிரப்பப்போகும் வாசகர்களுக்கு என் அனுபவத்தால் சொல்லக்கூடியவை சில. இலக்கத்தை மனப்பாடத்திலிருந்து எழுதாதீர்கள். அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு எழுதுங்கள். எழுதி முடித்ததும் வீட்டில் ஒருவரை உரத்து வாசிக்கச் சொல்லுங்கள். அட்டை, பிறப்புச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ், வங்கிப் புத்தகம் என்பவற்றில் பெயர் ஒரேவிதமாக இருக்கிறதா என்று நோயில்லாத காலத்திலேயே பார்த்துவையுங்கள். நோய் வந்தபின் ஒரு புள்ளியைத் தேடி அலைவது பெரும்பாடு. அனுப்பு முன்னர் நிழற்பிரதி எடுத்துவையுங்கள். பிழைத்தால் ஒற்றைக் கோடு, சுருக்கொப்பம், திகதி. பூசி மறைக்க வேண்டாம்.

இனி என் பங்குக்கு நான் கிழிக்க வேண்டிய கோடு.

1995 ஒக்ரோபர் மாத இறுதியில், நான் பணியாற்றிய பத்திரிகையில் வெளியான எறிகணை வீச்சில் இறந்தோர் பட்டியலில், ஒரு தந்தையின் பெயர் இறந்தவராக வெளிவந்தது. இறந்தவர் அவருடைய மூத்த மகன். அவருடைய பெயரை ஓரெழுத்தாகச் சுருக்கியவன் நான். திருத்தம் மறுநாளே வெளிவந்திருக்க வேண்டும். வெளிவரவில்லை. அதன் பின்னரும் வெளிவராமல் போனது என் தவறு.

அந்த மகனின் பெயர் எனக்கு இன்றும் எழுத்துப் பிசகாமல் நினைவிருக்கிறது. அடையாள அட்டை இலக்கத்தையே மாற்றி எழுதியவனின் நினைவை எப்படி நம்புவது என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. அத்தோடு, குடும்பத்தவரைக் கேளாமல் அந்தப் பெயரை இங்கே எழுதவும் எனக்கு உரிமையில்லை. அவருடைய சகோதரர்களோ உறவினரோ ஊரிலோ, ரொறன்ரோவிலோ, லண்டனிலோ, ஒஸ்லோவிலோ இருக்கக்கூடும். காலையில் சைக்கிளில் பத்திரிகை அலுவலகத்துக்குப் போய் வந்த ஒரு தகப்பனைப் பற்றி உங்கள் வீட்டில் எவரேனும் சொல்லக் கேட்டிருந்தால், தயவுசெய்து எனக்கு எழுதுங்கள். பெயரை எழுத்தெழுத்தாகச் சொல்லுங்கள். ஒருக்கால் வரவேண்டும் என்றார் அவர். சரியாக வரவேண்டும் என்றார். இந்தமுறை இன்னொருவரைப் பக்கத்தில் இருத்தி, ஒப்புநோக்கியே வெளியிடுவேன்.